பேச்சு, செவித்திறன் துறைகளில் நியாயமான மாணவர் சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நடக்கும் வழிகாட்டிக் கூட்டங்களில், பேச்சுச் சிகிச்சை, செவித்திறன் ஆகிய துறைகளில் இளங்கலை, முதுகலை இடம் கிடைப்பது பற்றி மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒன்றிரண்டு கேள்விகள் நேர்முகத் தேர்வுக் குழுக்களில் அமரும் விரிவுரையாளர்களிடமிருந்து வந்தவை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்து பேச்சுச் சிகிச்சையாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். எனவே தகவலோடு என் கருத்தும் ஆங்காங்கே வரும்.

இத்துறையினர் என்ன செய்கிறார்கள்? எங்கே படிப்பது?

பேச்சு தாமதமாகும் குழந்தை முதல் பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியவர் வரை, பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் சிக்கல் உள்ளவர்களைச் சோதித்துச் சிகிச்சை அளிப்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். கேட்கும் ஆற்றலை அளப்பதும், செவிக்கருவி பொருத்துவதும், உட்செவியில் வைக்கும் மின்கருவியான காக்லியர் உள்வைப்புப் பெற்றவர்களைப் பழக்குவதும் செவித்திறன் நிபுணரின் வேலை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் வளாகத்தில் இப்படிப்புகளைத் தொடங்கியது. குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும், கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் பின்னர் தொடங்கின. இவை நான்காண்டு இளங்கலைப் படிப்புகள்.

இளங்கலை போதுமென்றால் முதுகலைச் சேர்க்கை பற்றி ஏன் பேச வேண்டும்?

நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்தோடு பணியில் சேரலாம். அமெரிக்காவில் பேச்சுச் சிகிச்சைக்கு முதுகலையும் செவித்திறனுக்கு மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய முனைவர் பட்டமும் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இளங்கலை வழியும் உண்டு, வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிக்கும் முதுகலை வழியும் உண்டு. உளவியல், மொழியியல், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றை முடித்துவிட்டு இத்துறைக்கு வர விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வழி முக்கியமானது. இங்கே மேற்படிப்பு முடித்தவர்கள்தாம் அடுத்த தலைமுறைக்கு விரிவுரையாளர்களாகவும் மருத்துவமனைப் பயிற்சியின் மேற்பார்வையாளர்களாகவும் ஆகிறார்கள் என்பதால், முதுகலைச் சேர்க்கையில் நேரும் சாய்வு இளங்கலை நேர்முகத் தேர்வு அறை வரைக்கும் வந்துவிடுகிறது.

எல்லாருக்கும் ஒரே விதி இருக்கும்போது சேர்க்கையில் என்ன அநியாயம்?

விதி ஒன்றாக இருக்கலாம். அந்த விதியை நிறைவேற்ற ஆகும் செலவு ஒன்றாக இல்லை. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான மையச் சேர்க்கை முறையான யு.பி.யு.வின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. மாவட்ட, மாநில அளவில் பங்கேற்றவருக்கும் பொறுப்பு வகித்தவருக்கும் அந்தப் பத்தில் கூடுதல் புள்ளி கிடைக்கும். தோட்டத்திலிருந்து வேனில் பள்ளிக்கு வரும் பிள்ளை, பயிற்சி முடியும்வரை நின்றால் வீடு திரும்ப வாகனம் இருக்காது. அப்பா செம்பனைக் குலை வெட்டிவிட்டுத் திரும்புவதற்கே பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போக வீட்டில் வேறு ஆள் இல்லை. அந்த மாணவிக்கு வந்த குறைந்த புள்ளி அவளுடைய ஆர்வத்தையோ ஆற்றலையோ காட்டவில்லை, வேன் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைத்தான் காட்டுகிறது.

சுருங்கிய போட்டியில் இத்தகைய சிறு வேறுபாடுகள்தாம் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இத்துறைகளில் இடங்கள் குறைவு என்பதால் ஒரு புள்ளியில் பாதி கூடப் பெரிதாகிவிடுகிறது.

மெட்ரிகுலேஷனா, எஸ்.டி.பி.எம்.மா? எது நல்லது?

இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகள். கிடைத்தால் மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும், எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். 2002-இல் தகுதி அடிப்படையிலான பல்கலைக்கழகச் சேர்க்கை வந்தபின்னும், வெவ்வேறு தேர்வுகளை எழுதியவர்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள் என்ற குறை தீரவில்லை. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்திராக்களுக்கும் (மலாய்க்காரர்கள், பூர்வகுடியினர்) 10 விழுக்காடு ஏனையோருக்கும் என்ற ஒதுக்கீடு எல்லாரும் அறிந்ததே. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்றவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்புத்தான்; ஆனால் பத்து ஏ எடுக்கப் பத்துப் பாடங்கள் எழுத வேண்டும். பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பே பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கிறது. வேனுக்காக ஓடும் பிள்ளை முதலில் கைவிடுவது அந்தப் பாடத்தைத்தான். பேச்சுச் சிகிச்சைக்குப் பின்னாளில் மிகவும் பயன்படும் பாடம் அதுவாகவே இருப்பது வருத்தத்துக்குரியது.

வெளிநாட்டு முதுகலைச் சேர்க்கையில் குழுக்கள் எதைப் பார்க்கின்றன? எங்கே தடுக்கிறது?

பெரும்பாலும் பட்டப்படிப்பின் சராசரி மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை, சிகிச்சை நிலையத்தில் பார்வையாளராக இருந்த மணிநேரம், ஆங்கிலத் தேர்வு ஆகியவற்றைப் பார்க்கின்றன. அமெரிக்காவில் முன்பு ஜி.ஆர்.இ. என்ற பொதுத் திறன் தேர்வும் கேட்டார்கள், அண்மை ஆண்டுகளில் பல படிப்புகள் அதைக் கைவிட்டுவிட்டன. அங்கே பல பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே இணைய அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கலாம் என்றாலும், ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும். டாலரை ரிங்கிட்டாக மாற்றிப் பார்க்கும் குடும்பம், பத்து இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டியவரை இரண்டோடு நிறுத்திவிடுகிறது.

பார்வையாளர் மணிநேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பளமில்லாமல், சொந்தச் செலவில், ஒரு சிகிச்சை நிலையத்தில் அமர்ந்து பார்த்த அனுபவம் ஆர்வத்துக்குச் சான்று என்று குழுக்கள் எண்ணுகின்றன. கோலாலம்பூரில் மருத்துவரின் மகளுக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். சுங்கை சிப்புட் மாணவர் ஈப்போவுக்குப் பேருந்தில் போய்வர வேண்டும். விடுமுறையில் மளிகைக் கடையில் சம்பாதிக்கும் பணத்தையும் இழக்க வேண்டும். அதே மாணவர், பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு இரண்டாண்டுகள் உணவூட்டியிருப்பார். மருத்துவமனையில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்த்திருப்பார். விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத இடமே இருக்காது. படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: “வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ, பேசவோ கேட்கவோ விழுங்கவோ சிரமப்படும் ஒருவருக்கு உதவியிருந்தால், என்ன செய்தீர்கள், எதைக் கவனித்தீர்கள் என்று எழுதவும்.” இதற்குக் குழுவுக்கு ஒரு காசும் செலவில்லை.

மதிப்பெண்ணைப் பின்னுக்குத் தள்ளினால் தரம் குறையாதா?

அப்பாமார்களைவிட விரிவுரையாளர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. மதிப்பெண்ணை நீக்கச் சொல்லவில்லை. இப்படிப்பில் உடற்கூறியல், ஒலியியல், நரம்பியல், புள்ளியியல் ஆகியன உண்டு. அவற்றைத் தாங்கும் கல்வி அடித்தளம் வேண்டும். அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவை வைத்துவிட்டு, அதைத் தாண்டியவர்களுள் சராசரி மதிப்பெண் 3.75-ஐவிட 3.90 சிறந்தது என்று வரிசைப்படுத்துவதை நிறுத்த வேண்டும். பால் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வாளியின் எடையோடு கணக்கு முடிவதில்லை, மாதிரி எடுத்து உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகே கூலி.

தரத்தைக் காக்கும் இடம் சேர்க்கை மேசை மட்டுமன்று. அமெரிக்கச் சான்றிதழுக்கு மேற்பார்வையின்கீழ் 400 மணிநேரச் சிகிச்சைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்; அதன்பின் தேசியத் தேர்வும் உண்டு. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774-ஆம் சட்டம், 2020 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்து, இவ்விரண்டு தொழில்கள் உட்பட 23 தொழில்களைப் பதிவின்கீழ் கொண்டுவந்தது. தகுதியில்லாதவர் நோயாளியைத் தொடாமல் தடுக்கும் வேலையை இவை செய்கின்றன. சேர்க்கைக் குழு கேட்க வேண்டிய கேள்வி வேறு: நல்ல சிகிச்சையாளராக வளரக்கூடியவர் யார்?

நேர்முகத் தேர்வு வைத்தால் நியாயமாகிவிடுமா?

வைக்கும் விதத்தைப் பொறுத்தது. மூன்று பேர் எதிரே அமர்ந்து, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று தொடங்கி, பேச்சு போன போக்கில் போகும் நேர்முகத் தேர்வு, தங்களைப் போலவே பேசுகிறவரைக் குழுவினர் விரும்பிவிடும் ஏற்பாடாகவே முடிகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவச் சேர்க்கைக்கு உருவாக்கி, 2004-இல் வெளியிட்ட பன்னிலைக் குறுநேர்காணல் முறை இதற்கு மாற்று. மாணவர் பல நிலையங்களுக்குச் சில நிமிடங்களில் மாறி மாறிச் செல்வார். ஒவ்வொன்றிலும் ஒரே சூழ்நிலைக் கேள்வி எல்லாருக்கும் கொடுக்கப்படும். ஒவ்வொரு நிலையத்திலும் வேறொரு மதிப்பீட்டாளர், மற்றவர் தந்த புள்ளியை அறியாமல், புள்ளி வழங்குவார். ஒருவருடைய விருப்பு வெறுப்பு மொத்த முடிவைத் தீர்மானிக்காது.

அதற்கு ஆள்பலம் வேண்டும் என்று சிறு துறைகள் தயங்குவது நியாயமே. அவர்கள் குறைந்தபட்சம் மூன்றைச் செய்யலாம்: கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைப்பது, எது நல்ல பதில், எது போதாத பதில் என்பதற்கு விளக்க அட்டவணை வைப்பது, விவாதிப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளியிடுவது.

என் மகனுடைய ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழ் உச்சரிப்புத் தெரிகிறது. பேச்சுச் சிகிச்சைக்கு அது தடையா?

இல்லை. அமெரிக்கப் பேச்சு–மொழி–செவித்திறன் சங்கம் 1998-இலேயே ஒரு நிலைப்பாட்டு அறிக்கையில், உச்சரிப்பு வேறுபாட்டையோ வட்டார வழக்கையோ காரணம் காட்டி மாணவர்களை ஒதுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. நோயைக் கண்டறியும் திறனும் சிகிச்சையை நடத்தும் திறனும் இருக்க வேண்டும், சிகிச்சையில் தேவைப்படும் ஒலியைச் சரியாக ஒலித்துக் காட்ட இயல வேண்டும் என்பவையே அவர்கள் வைத்த அளவுகோல்கள்.

நடைமுறையில் மொழித் தேர்வுகள் கடுமையானவை என்பதையும் மறைக்கக்கூடாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத, வெளிநாட்டில் படித்த பேச்சுச் சிகிச்சையாளர் பிரிட்டனில் பதிவு பெற, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 8.0-உம் எந்தப் பிரிவிலும் 7.5-க்குக் குறையாமலும் வேண்டும். அங்கே பதிவு வழங்கும் அதே மன்றத்தின்கீழ் வரும் மற்றத் தொழில்களுக்கு 7.0 போதும். மொழியே இத்தொழிலின் கருவி என்பதால் உயர்ந்த அளவைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், உச்சரிப்பைக் குறையாகப் பார்க்கும் நேர்முகக் குழுவினர், நாளை அதே உச்சரிப்போடு வரும் நோயாளிக்கு என்ன சிகிச்சை கற்பிக்கப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழ் தெரிந்திருப்பதற்குத் தனிப் புள்ளி கேட்பது நியாயமா?

நியாயம் என்பதே என் உறுதியான கருத்து. இது சலுகை இல்லை, தொழில்திறனுக்கான மதிப்பு. லயத்தில் தமிழ் பேசி வளர்ந்த நான்கு வயதுக் குழந்தையை மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதித்தால், அந்த மொழியைக் கேட்டுப் பழகாமை மொழிக் குறைபாடாகப் பதிவாகிவிடும். மறுபக்கமும் உண்டு: “வீட்டில் மூன்று மொழி பேசுகிறார்கள், அதனால்தான் தாமதம், பொறுத்துப் பாருங்கள்” என்று அனுப்பிவிட்டு, உண்மையான குறைபாட்டைத் தவறவிடுவதும் நடக்கிறது. உண்மையான மொழிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தென்படும். ஒரு மொழியில் மட்டும் தென்படுவது பெரும்பாலும் பழக்கக் குறைவு. இதைப் பிரித்தறியத் தமிழில் சோதிக்கத் தெரிந்தவர் வேண்டும், அல்லது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

குழந்தை “பளம்” என்று சொன்னால், அது ஒலிப்பிழையா, வீட்டில் எல்லாரும் ழகரத்தை அப்படித்தான் ஒலிக்கிறார்களா என்பதை முதலில் அறிய வேண்டும். “அம்மா பாசார் போயிருக்காங்க” என்று சொல்லும் குழந்தைக்குச் சந்தை என்ற சொல் தெரியாது என்று கழிக்கக்கூடாது. எம்மொழிச் சொல்லாயினும் அந்தக் கருத்துக்கு ஒரு சொல் இருக்கிறது என்று எண்ணுவதே இருமொழிக் குழந்தைகளின் சொல்வளத்தை அளக்கும் முறை. எழுத்துத் தமிழில் தயாரித்த படங்களையும் வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு, பேச்சுத் தமிழ் மட்டும் அறிந்த குழந்தையைச் சோதிப்பது இன்னொரு பிழை. இவை அனைத்தும் நம் பிள்ளைகளுக்குப் பாதி தெரிந்த விஷயங்கள். மீதியைப் பல்கலைக்கழகம் கற்பிக்கலாம். மண்டரின் பேசுபவருக்கும், பூர்வகுடி மொழிகளான தெமியார், ஈபான் பேசுபவருக்கும் இதே மதிப்பு தரப்பட வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு மேலே மலைப்பகுதியில் தெமியார் கிராமங்கள் இருக்கின்றன. அங்கிருந்து இத்துறைக்கு ஒருவர் வருவதற்கு, தோட்டத்துப் பிள்ளை வருவதைவிடக் கடினமான பாதை இருக்கிறது. நமக்காக மட்டும் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலுவில்லை.

இனத்தையோ பின்னணியையோ நேரடியாகக் கணக்கில் எடுக்கலாமா? மற்ற நாடுகளில் எப்படி?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நடுவண் அரசு நிறுவனம் என்பதால் அங்கு இடஒதுக்கீடு உண்டு: பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியில் குறைந்தது 5 விழுக்காடு. அமெரிக்காவிலோ, ஹார்வர்ட், வட கரோலைனா பல்கலைக்கழக வழக்குகளில் 2023 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், இனத்தைச் சேர்க்கையில் ஒரு காரணியாகக் கொள்ள முடியாது. ஆயினும், இனம் தன் வாழ்க்கையை எவ்வாறு பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைக் கருதத் தடையில்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் குறிப்பிட்டார். அங்கே இத்துறையினருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர் என்பதை நினைவில் கொண்டால் இந்த விவாதத்தின் சூடு விளங்கும்.

என் மகளுக்குக் காது கேட்பது குறைவு. என் அண்ணன் மகனுக்குத் திக்குகிறது. இவர்கள் விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். இத்துறையை வளர்த்த முன்னோடிகளுள் அயோவாவின் வெண்டல் ஜான்சனும் மேற்கு மிச்சிகனின் சார்ல்ஸ் வான் ரைப்பரும் திக்குதலோடு வாழ்ந்தவர்கள். திக்குதல் சிகிச்சையில் இன்றும் படிக்கப்படும் கருத்துகள் அவர்களிடமிருந்து வந்தவை. வாஷிங்டனில் 1864-இல் செவித்திறன் குறைந்தோருக்காகத் தொடங்கிய காலடெட் பல்கலைக்கழகம் இன்று செவித்திறன் துறையில் முனைவர் பட்டம் வரை கற்பிக்கிறது.

தடை எழுவது பெரும்பாலும் “இன்றியமையாத திறன்கள்” என்ற பட்டியலில். “செவிக்கருவியின் ஒலியைக் காதால் கேட்டுச் சோதிக்க வேண்டும்” என்று எழுதினால் என் வாசகியின் மகள் வெளியே நிற்பாள். “செவிக்கருவி சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டும்” என்று எழுதினால், அளவீட்டுப் பெட்டியில் வைத்துத் திரையில் பார்த்து அவள் அதைச் செய்துவிடுவாள். என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதலாம். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை எழுதும்போதுதான் ஆட்கள் கழிக்கப்படுகிறார்கள். நேர்முகத் தேர்வில் திக்குபவருக்குக் கூடுதல் நேரமும், செவித்திறன் குறைந்தவருக்கு எழுத்து வடிவிலான கேள்விகளோ மலேசிய சைகைமொழி பெயர்ப்பாளரோ தரப்பட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685-ஆம் சட்டம், கல்வியில் பாகுபாடு கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டையை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். யு.பி.யு.வில் மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமான பி40 குடும்பத்தினர், ஓராங் அஸ்லி பூர்வகுடியினர், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஆண் பிள்ளைகள் இத்துறைக்குப் போகலாமா?

தாராளமாக. உலகெங்கும் பெண்களே மிகுந்த தொழில் இது. அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர்களுள் ஆண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தொண்டைப் புற்றுக்குப் பின் ஆண் சிகிச்சையாளரிடமே மனம் திறக்கும் தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடம் கிடைத்த பிறகு பணத்துக்கு என்ன செய்வது?

அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன், 1984-இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. போன்ற கல்வி நிதிகள், மாநில உபகாரச் சம்பளங்கள் ஆகியவற்றுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணத்தைவிட மறைந்திருக்கும் செலவுகளே பிள்ளைகளை இடைநிறுத்துகின்றன: வேறு ஊர் மருத்துவமனையில் பயிற்சிக்குப் போகும் பேருந்துச் செலவு, அங்கே தங்கும் வாடகை, மடிக்கணினி. ஏழை மாணவரைச் சேர்த்துவிட்டுப் பயிற்சிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பும் துறை, சேர்க்கையில் காட்டிய நியாயத்தை அங்கே இழந்துவிடுகிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

யு.பி.யு. முடிவு வந்தபின் மேல்முறையீட்டுக்கான காலம் குறுகியது. முடிவு வந்த அன்றே இணையத்தில் தேதியைப் பார்த்துவிடுங்கள். வேறு படிப்பு கிடைத்திருந்தால், உளவியல், மொழியியல், உயிரியல் சார்ந்ததாக இருக்கும்வரை அதை ஏற்றுக்கொள்வது நல்லது, ஏனெனில் பின்னாளில் முதுகலை வழி திறந்தே இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மறுத்தால், மதிப்பெண்ணாலா, நேர்முகத் தேர்வாலா, ஆவணக் குறையாலா என்று மரியாதையாக மின்னஞ்சலில் கேளுங்கள். சில துறைகள் பதில் எழுதுகின்றன. எழுதாதவை எவை என்பதையும் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.